மாடப்பிறையில் ஒரு விளக்கு: கோவிந்த் நிஹலானியும் அவர் படமாக்கிய நாவல்களும்

பூட்டிய ஓர் அறை, மாடப்பிறையில் ஓர் அகல்விளக்கு, ஒரு மனிதன், ஒரு பன்றி. செத்த மாட்டின் தோலை உரித்துப் பதப்படுத்திப் பழகிய அந்த மனிதனுக்கு உயிருள்ள பன்றியைக் கொல்லும் வழி தெரியாது. கால்நடை மருத்துவர் ஒருவருக்குத் தேவைப்படுகிறது என்று சொல்லி ஒருவர் ஐந்து ரூபாயைக் கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறார். விடிவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். விளக்கு படபடக்கிறது, பன்றி உறுமிக்கொண்டு சுவரோரமாக ஓடுகிறது, அவன் கத்தியோடு பின்வாங்குகிறான். இந்தி எழுத்தாளர் பீஷ்ம சாஹ்னி பிரிவினைக் காலக் கலவரத்தைப் பற்றி எழுதிய ‘தமஸ்’ நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. இந்திப் பட இயக்குநர் கோவிந்த் நிஹலானி அதைத் தொலைக்காட்சிக்காகப் படமாக்கியபோதும் இந்த அறையிலிருந்தே தொடங்கினார். விடிந்த பிறகு அந்தப் பன்றி ஒரு மசூதியின் படிக்கட்டில் கிடக்கிறது. அதற்குப் பிறகு ஊர் பற்றி எரிகிறது.

இந்தக் காட்சியை நான் முதன்முதலில் 1988 ஜனவரியில், சென்னையில் எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்தேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது, இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. ரயில்வே வேலையில் பல ஆண்டுகள் வடக்கே இருந்துவிட்டுத் திரும்பியிருந்த அப்பா, ஒவ்வொரு வசனத்தையும் மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். ஆனால் அந்த முதல் காட்சிக்கு அவர் சொல்ல வேண்டியது எதுவுமே இருக்கவில்லை. அந்த மனிதனாக நடித்த ஓம் புரியின் முகம், அவருடைய மூச்சிரைப்பு, பன்றியின் உறுமல், அவ்வளவுதான். மொழி தெரியாத ஒரு சிறுவனுக்கும் அந்த அறையின் நாற்றம் வரை புரிந்தது. வீட்டில் யாரும் எழுந்து போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணத் தொடருக்காகக் கூடிய அதே கூடம், அதே பாய், அதே மனிதர்கள்தான். ஆனால் தமஸ் ஓடிய இரவுகளில் கூடத்தில் விளக்கை அணைத்தபின் ஒருவரும் பேசவில்லை.

பல ஆண்டுகள் கழித்து நாவலை மொழிபெயர்ப்பில் படித்தேன். சென்ற மாதம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தொடரை முழுவதுமாக மறுபடி பார்த்தேன். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நீளும் படம் அது. பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுக்கொண்டே போனபோது, நிஹலானி நாவல்களை அணுகிய முறையைப் பற்றி என் மனத்தில் நெடுநாளாகத் தெளிவில்லாமல் கிடந்த ஓர் எண்ணம் உருப்பெற்றது. நாவலாசிரியரால் ஒரு பாத்திரத்தின் மனத்துக்குள் நேரடியாக நுழைந்து அங்கே நடப்பதை எழுதிவிட முடியும். திரைப்பட இயக்குநருக்கு அந்த வாசல் மூடியிருக்கிறது. பெரும்பாலானவர்கள் இந்தக் குறையை வசனத்தால் நிரப்பப் பார்ப்பார்கள். நிஹலானியோ, தமக்கு நேர்ந்ததைத் தமக்கே சொல்லிக்கொள்ளத் தெரியாத மனிதர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய முகத்தை நாவலின் பக்கமாக ஆக்கிக்கொண்டார். அவருடைய சிறந்த படங்கள் அனைத்தின் நடுவிலும் அப்படி ஒருவர் இருக்கிறார்.

அவர் அடிப்படையில் ஒளிப்பதிவாளர் என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். 1940இல் கராச்சியில் பிறந்த நிஹலானி, பிரிவினையின்போது சிறுவனாகக் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்தவர். பெங்களூரில் உள்ள ஜெயசாமராஜேந்திர பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு பயின்று, குரு தத்தின் படங்களுக்கு ஒளியும் நிழலும் தந்த வி.கே. மூர்த்தியிடம் உதவியாளராகச் சேர்ந்தார். மூர்த்தியும் அதே பாலிடெக்னிக்கில் படித்தவர்தான். பிறகு ஷ்யாம் பெனகலின் முதல் கதைப்படமான ‘அங்கூர்’ (1974) தொடங்கி, ‘நிஷாந்த்’, ‘மந்தன்’, ‘பூமிகா’ என்று அந்தக் காலத்துப் புதிய இந்திப் படங்களின் வெயிலையும் புழுதியையும் திரையில் கொண்டுவந்தது நிஹலானியின் கேமராதான். 1857 கிளர்ச்சியின் பின்னணியில் ரஸ்கின் பாண்ட் எழுதிய குறுநாவலைத் தழுவிப் பெனகல் எடுத்த ‘ஜுனூன்’ படத்துக்காக நிஹலானிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. எழுத்திலிருந்து ஒரு கதை திரைக்கு மாறும்போது எது உதிர்கிறது, எது புதிதாக முளைக்கிறது என்பதை, இயக்குநர் ஆவதற்கு முன்பே, கேமராவின் பின்னால் நின்று அவர் பார்த்திருக்கிறார்.

அவர் இயக்கிய முதல் படமான ‘ஆக்ரோஷ்’ (1980) நாவலிலிருந்து வந்ததல்ல. மராத்தி நாடகாசிரியர் விஜய் டெண்டுல்கரின் திரைக்கதை. ஆனாலும் அதைப் பற்றிச் சொல்லாமல் தமஸுக்குள் போக முடியாது. லஹான்யா பிகூ என்ற ஆதிவாசித் தொழிலாளி தன் மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் இருக்கிறான். அவனுக்காக வாதாட அரசு நியமித்த இளம் வழக்கறிஞராக நஸீருதீன் ஷா வந்து கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். லஹான்யா வாய் திறப்பதில்லை. படம் முழுவதும் ஓம் புரி ஏறக்குறைய எதுவுமே பேசுவதில்லை. என்ன நடந்தது என்பது நமக்குத் துண்டு துண்டாகத் தெரியவருகிறது: ஊரின் செல்வாக்குள்ளவர்களே அந்தப் பெண்ணைச் சீரழித்துக் கொன்றவர்கள், அவர்களே அவன் மேல் பழியைப் போட்டவர்கள். இறுதியில், தந்தையின் ஈமச் சடங்குக்காக விலங்கோடு அழைத்துவரப்படும் லஹான்யா, தன் மனைவிக்கு நேர்ந்தது தங்கைக்கும் நேரும் என்பதை அங்கிருப்பவர்களின் பார்வையிலேயே உணர்ந்து, கோடரியை எடுத்துத் தங்கையை வெட்டிச் சாய்க்கிறான். அதன் பிறகு வானத்தை நோக்கி அலறுகிறான். அந்த அலறலைத் தாங்கிக்கொள்ள என்னால் இன்றும் முடிவதில்லை. ஒரு மனிதனை இரண்டு மணி நேரம் மௌனமாக வைத்திருந்து, அந்த மௌனத்தின் எடையைப் பார்ப்பவரின் நெஞ்சில் சிறிது சிறிதாக ஏற்றும் துணிச்சல், முதல் படத்திலேயே அவருக்கு இருந்தது. 1981ஆம் ஆண்டின் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

‘அர்த் சத்யா’ (1983) மராத்தி எழுத்தாளர் எஸ்.டி. பன்வால்கரின் சிறுகதையிலிருந்து பிறந்தது. அதற்கும் டெண்டுல்கர்தான் திரைக்கதை எழுதினார். ஓம் புரிக்குத் தேசிய விருதையும் கார்லோவி வாரி விழாவில் சிறந்த நடிகர் விருதையும் பெற்றுத்தந்த படம் என்பதால் அதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் முக்கியமானது ஒரே ஒரு காட்சி. ஸ்மிதா பாட்டீல் ஒரு கவிதைப் புத்தகத்தைத் தர, ஓம் புரி நடித்த காவல் துறை உதவி ஆய்வாளர் வேலங்கர், மராத்திக் கவிஞர் திலீப் சித்ரேயின் கவிதையை வாய்விட்டுப் படிக்கத் தொடங்குகிறார். சக்கரவியூகத்துக்குள் நுழைவதைப் பற்றிய கவிதை. படிக்கப் படிக்க அவருடைய குரல் தளர்கிறது, முகம் மாறுகிறது. தன்னைப் பற்றித் தன்னால் ஒருபோதும் சொல்லிக்கொள்ள முடியாததை வேறு யாரோ அச்சில் போட்டு வைத்திருப்பதைக் கண்டுபிடிக்கும் மனிதனின் முகம் அது. எழுத்து ஒரு மனிதனுக்குள் இறங்குவதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய காட்சியை இந்தியப் படங்களில் நான் பார்த்ததில்லை.

இனி தமஸ். பீஷ்ம சாஹ்னி ராவல்பிண்டியில் பிறந்தவர். 1947 மார்ச்சில் அந்த மாவட்டத்தில் நடந்த கலவரங்களின்போது காங்கிரஸ் தொண்டராக நிவாரணப் பணியில் இருந்தவர். அந்த நினைவுகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவருக்குள் உறங்கிக் கிடந்தன. 1970இல் மும்பைக்கு அருகில் உள்ள பிவண்டியில் கலவரம் நடந்தபோது, நடிகரான அண்ணன் பல்ராஜ் சாஹ்னியோடு அங்கே போய், எரிந்த வீடுகளையும் ஆளரவமற்ற தெருக்களையும் பார்த்த பிறகே அவர் எழுத உட்கார்ந்தார். 1975இல் அந்நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அட்டன்பரோவின் ‘காந்தி’ படத்தில் இரண்டாம் பிரிவு ஒளிப்பதிவாளராக வேலை செய்துகொண்டிருந்த நாள்களில், டெல்லியில் ஒரு புத்தகக் கடையில் நிஹலானியின் கண்ணில் இந்த நாவல் பட்டது. படித்து முடித்ததும் இதைத்தான் எடுக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். சிறுவயதில் ஊரைவிட்டு வந்தவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஐந்து மணி நேரப் பிரிவினைக் கதையைத் திரையரங்குகள் ஏற்றிருக்கப் போவதில்லை என்பதால் தூர்தர்ஷனே அதற்கு இடம் ஆயிற்று. படமாக்கியபோது தம் குரு வி.கே. மூர்த்தியையே கேமராவுக்கு அழைத்துக்கொண்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அந்த மாடப்பிறை விளக்கின் ஒளி எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கம் அதுவே.

நாவலுக்கும் தொடருக்கும் உள்ள மிகப்பெரிய வேறுபாடு நத்து என்கிற அந்தத் தோல் தொழிலாளியைப் பற்றியது. நாவலில் நத்து தொடக்கத்தில் வருகிறான். தான் கொன்ற பன்றிதானா மசூதிப் படியில் கிடந்தது என்ற ஐயத்தில் வெந்துபோகிறான். மனைவியிடம் சொல்லவா வேண்டாமா என்று தடுமாறுகிறான். பிறகு கதை அவனைத் தாண்டிப் போய்விடுகிறது. ஊரின் காங்கிரஸ்காரர்கள், முஸ்லிம் லீக்காரர்கள், கம்யூனிஸ்டுகள், தட்சசீலத்துச் சிலைகளில் ஆர்வம் கொண்ட துணை ஆணையர் ரிச்சர்ட், தனிமையில் வாடும் அவருடைய மனைவி லிசா, சுற்றுக் கிராமங்கள் என்று விரிந்து போகும் நாவலில் நத்துவை நாம் ஏறக்குறைய மறந்தே விடுகிறோம். கடைசி அத்தியாயத்தில் அமைதி ஊர்வலப் பேருந்து ஒன்று புறப்படுகிறது. அதன் முன்னிருக்கையில் உட்கார்ந்து ஒற்றுமை முழக்கங்களை எழுப்புகிறவர், நத்துவுக்கு ஐந்து ரூபாய் கொடுத்த அதே முராத் அலி. நத்து மட்டும் அங்கே இருந்திருந்தால் அந்தக் குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டிருப்பான், ஆனால் அவன் இறந்துவிட்டான் என்று சாஹ்னி போகிற போக்கில் எழுதிவிட்டு நகர்கிறார். அவன் எங்கே இறந்தான், யார் கொன்றார்கள், ஒன்றும் இல்லை. பக்கத்தைப் புரட்டித் தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு வரியில் துணைவாக்கியமாக முடிந்துபோகிற உயிர். அந்த வரியைப் படித்தபோது உண்டான அதிர்ச்சி, நாவலின் எல்லாக் கொலைகளையும்விடப் பெரிதாக எனக்கு இருந்தது.

நிஹலானி இந்த அமைப்பை ஏற்கவில்லை. ஓம் புரியின் நத்துவையும், அவன் மனைவியான தீபா சாஹியின் கர்மோவையும் கதையின் கடைசிவரை கொண்டுபோகிறார். நிறைமாதக் கர்ப்பிணியான கர்மோவோடு நத்து ஊரைவிட்டு வெளியேறுகிறான். வழியில், கிராமத்திலிருந்து தப்பி வரும் முதிய சீக்கியத் தம்பதியரான ஹர்னாம் சிங்கோடும் பந்தோவோடும் இவர்கள் சேர்கிறார்கள். நாவலில் ஒருவரையொருவர் சந்தித்தே இராத இரு இணைகள் திரையில் ஒரே பாதையில் நடக்கின்றன. முடிவில் அகதி முகாமில் நத்துவின் உடலைக் கர்மோ காண்கிறாள். அங்கேயே அவளுக்குப் பிரசவ வலி எடுக்கிறது. குழந்தையின் முதல் அழுகையோடு, வெளியே எங்கிருந்தோ இரு மதங்களின் போர் முழக்கங்களும் கேட்கின்றன.

இந்த மாற்றத்தைப் பற்றி என் கருத்து ஒருமுறைக்கு மேல் மாறியிருக்கிறது. நாவலைப் படித்து முடித்த சூட்டில், நிஹலானி தவறு செய்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நத்துவைக் கைவிடுவதிலேயே நாவலின் நீதி இருக்கிறது. வரலாறு அப்படிப்பட்டவர்களை அப்படித்தான் கைவிட்டது. அவனுக்கு ஒரு பிரேதத்தையும், அழ ஒரு மனைவியையும், பின்னால் ஒரு குழந்தையையும் கொடுத்தது நமக்கு ஆறுதல் தருவதற்காகச் செய்த சமரசம் என்று வாதாடியிருப்பேன். இப்போது மறுபடி பார்க்கையில் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நாவலில் நத்துவின் குற்றவுணர்வு நான்கைந்து அத்தியாயங்களுக்குள் அவனுடைய எண்ணங்களாகவே எழுதப்பட்டுவிடுகிறது, அதனால் சாஹ்னிக்கு அவனை விட்டுச் செல்ல முடிந்தது. திரையில் அந்தக் குற்றவுணர்வை எழுத முடியாது. அதைச் சுமந்துகொண்டு ஒருவன் நடப்பதைத்தான் காட்ட முடியும். நடப்பதற்கு நேரமும் தூரமும் வேண்டும். எரியும் ஊரைத் திரும்பிப் பார்க்கும்போதும், அடுத்தவர் கலவரத்தைப் பற்றிப் பேசும்போதும், கர்மோ அவனைத் தேற்றும்போதும் ஓம் புரியின் கண்கள் தரையை நோக்கித் தாழ்கின்றன. இதையெல்லாம் தொடங்கி வைத்தவன் நான்தானோ என்ற கேள்வி ஐந்து மணி நேரம் அந்த முகத்தை விட்டு அகலுவதில்லை. படிப்பறிவில்லாத, எதற்காக ஏவப்பட்டோம் என்றே அறியாத ஒருவன் மட்டுமே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்கிறான். ஏவியவர்களோ நிம்மதியாக இருக்கிறார்கள். சாஹ்னி ஒரு வரியில் செய்ததை நிஹலானி ஒரு முகத்தால் செய்திருக்கிறார். ஆனாலும் குழந்தை பிறக்கும் அந்த முடிவு எனக்கு இன்னும் முழுதாக ஒட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழக்கங்களைப் பின்னணியில் ஒலிக்கவிட்டு அதன் இனிப்பை அவர் குறைத்திருக்கிறார், அது உண்மை. இருந்தாலும் முராத் அலியின் பேருந்து தரும் கசப்பு அதைவிட உயர்ந்தது.

ஹர்னாம் சிங்காக நடித்தவர் யார் தெரியுமா? பீஷ்ம சாஹ்னியே. பந்தோவாகத் தீனா பாடக். தாம் எழுதிய முதியவரின் தலைப்பாகையைத் தாமே கட்டிக்கொண்டு, தாம் பிறந்த மண்ணைவிட்டு இன்னொரு முறை வெளியேறி நடக்கிறார் நாவலாசிரியர். அவருக்கு நடிப்புப் புதிதல்ல, மக்கள் நாடக இயக்கமான இப்டாவில் பழகியவர். ஆனால் இந்தப் படத்தில் அவர் நடிப்பதாகவே தோன்றவில்லை. கிராமத்தில் டீக்கடை வைத்திருந்த இந்தக் கிழவர், தமக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பிக் கடைசி நேரம்வரை உட்கார்ந்திருக்கிறார். தப்பி ஓடி, வேறொரு கிராமத்தில் முஸ்லிம் குடும்பம் ஒன்றின் கதவைத் தட்டுகிறார். ராஜோ என்ற அந்த வீட்டுப் பெண், ஆண்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில், இருவரையும் உள்ளே விடுகிறாள். சற்று நேரத்தில் அந்த வீட்டு ஆண் ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்குகிறான். கொள்ளையடித்த பெட்டி, பூட்டு திறக்கவில்லை, உடைக்கப் பார்க்கிறான். அது ஹர்னாம் சிங்கின் பெட்டி. மறைவிடத்திலிருந்து வெளிப்பட்ட கிழவர், பூட்டை உடைக்க வேண்டாம், இதோ சாவி என்று நீட்டுகிறார்.

உலக இலக்கியத்தில் இதற்கு நிகரான காட்சி எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பறித்தவனும் பறிகொடுத்தவனும் ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்கள், கொடுக்கல் வாங்கல் இருந்தவர்கள். வெட்கம் யாருக்கு என்பதுதான் அங்கே நடக்கும் நாடகம். ராஜோவாக நடித்த சுரேகா சிக்ரிக்குத் துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அந்த ஒரு காட்சிக்கே கொடுக்கலாம். அவள் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. மாமியாராக, எஜமானியாக, அச்சம் கொண்டவளாக, இரக்கம் கொண்டவளாக ஒரே நேரத்தில் நிற்கிறாள். இரவில் அவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டு, பெட்டியிலிருந்து எடுத்த நகையைப் பந்தோவின் கையில் திருப்பித் தருகிறாள். வழியில் உதவும், வைத்துக்கொள் என்கிறாள்.

குருத்வாராவுக்குள் முற்றுகையிடப்பட்ட சீக்கியர்களின் கதையும் அதன் முடிவும் 1947 மார்ச்சில் ராவல்பிண்டி மாவட்டத்தின் தோஹா கால்சா கிராமத்தில் நடந்ததை அடிப்படையாகக் கொண்டவை. ஹர்னாம் சிங்கின் மகள் ஜஸ்பீர் முன்னால் நடக்க, பெண்கள் வரிசையாகக் கிணற்றை நோக்கிப் போகிறார்கள். ஜஸ்பீராக நடித்த உத்தரா பாவ்கரின் நடை, வன்ராஜ் பாட்டியாவின் இசை. தொடரின் தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் இறைவனை விளித்து எழும் அந்த ஓலம் வருவது இந்த இடத்துக்காகத்தானோ என்று தோன்றும். அன்றிரவு அப்பா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். என்ன சொல்கிறார்கள் என்று அம்மா கேட்டபோது, “ஒண்ணும் சொல்லலை” என்றார். அந்தக் காட்சியில் நிஹலானி பிரமாண்டத்தைத் தேடவில்லை. குதிப்பதை நெருங்கிக் காட்டிக் கண்ணீரைப் பிழியவும் முயலவில்லை. நடப்பதையே அதிகம் காட்டுகிறார். இங்கே ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்களின் முடிவைத் தியாகமாக மட்டும் போற்றிவிடும் ஆபத்து அந்த ஊர்வலத்தின் அழகிலேயே இருக்கிறது. நாவலில் சாஹ்னி அந்த ஆபத்தை உணர்ந்து, தாக்கியவர்களும் தாக்கப்பட்டவர்களும் தங்களை நூற்றாண்டுகளுக்கு முந்தைய வீரர்களாகவே கற்பனை செய்துகொண்டதைச் சுட்டுகிறார். தொடரில் இசையும் ஒளியும் சேர்ந்து அந்த எச்சரிக்கையைச் சற்று மங்கச் செய்துவிடுகின்றன. அவ்விடத்தில் நான் நாவலின் பக்கம்.

தொடர் பாதியில் நின்றுபோயிருக்க வேண்டியது. சமூகங்களுக்கிடையே பகைமையைத் தூண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் மனு போடப்பட்டு, 1988 ஜனவரி 21 அன்று ஒளிபரப்புக்கு இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் லென்டினும் சுஜாதா மனோகரும் படத்தை முழுவதுமாகப் பார்த்துவிட்டுத் தடையை நீக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், பிப்ரவரியில் அங்கேயும் தமஸ் வென்றது. அந்தத் தீர்ப்பில், நீதிபதி விவியன் போஸ் நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாக்பூரில் வகுத்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் எடுத்தாண்டது: ஒரு படைப்பின் விளைவை உறுதியும் துணிவும் கொண்ட நியாயமான மனிதர்களை வைத்து அளக்க வேண்டும், எதிலும் ஆபத்தைக் காணும் பலவீனமான, தடுமாறும் மனங்களை வைத்து அளக்கக் கூடாது. படைப்புச் சுதந்திரத்தைப் பற்றி இந்திய நீதிமன்றங்களில் வாதாடுபவர்கள் இந்த வழக்கை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். நீதிபதிகள் முதலில் படத்தை உட்கார்ந்து முழுதும் பார்த்தார்கள் என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். ஒரு துண்டைப் பார்த்துவிட்டுச் சினம் கொள்ளும் பழக்கம் அப்போதும் இருந்தது.

தமஸுக்குப் பிறகு தொலைக்காட்சியை அவர் நாடகங்களுக்காகவும் பயன்படுத்தினார். இப்சனின் நாடகத்தை ‘ஜஸீரே’ என்றும், ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் நாடகத்தைப் ‘பிதா’ என்றும், லோர்காவின் பெர்னார்தா ஆல்பா நாடகத்தை ராஜஸ்தானத்து மாளிகை ஒன்றுக்குள் கொண்டுவந்து ‘ருக்மாவதி கீ ஹவேலி’ என்றும் எடுத்தார். இவற்றில் கடைசியானது மட்டுமே எனக்குப் பார்க்கக் கிடைத்தது. மூடிய வீடு, அடங்கிய பெண்கள், சன்னல் வழியே மட்டும் வரும் உலகம். நத்துவின் அறையிலிருந்து அது அதிகத் தொலைவில் இல்லை. தமிழர்களுக்கு அவரோடு இருக்கும் நேரடித் தொடர்பு 1994இல் வந்த ‘துரோக்கால்’. அதைத்தான் கமல்ஹாசனும் பி.சி. ஸ்ரீராமும் அடுத்த ஆண்டே ‘குருதிப்புனல்’ ஆக்கினார்கள். இன்னொருவரின் நாவலுக்குத் தாம் செய்ததை இன்னொருவர் தம் படத்துக்குச் செய்வதை நிஹலானி பார்த்தது அப்போதுதான். ‘தக்ஷக்’, ‘தேவ்’ போன்ற பிற்காலப் படங்களில், நட்சத்திரங்களுக்கும் பாடல்களுக்கும் நடுவே, அவருடைய பொறுமைக்கு இடம் இல்லாமல் போயிற்று. அவற்றைப் பற்றி எழுத எனக்கு அதிகமாக ஒன்றும் இல்லை.

ஆனால் 1998இல் வந்த ‘ஹஸார் சௌராஸி கீ மா’ பற்றி எழுதியாக வேண்டும். மகாஸ்வேதா தேவியின் வங்க நாவலைத் தமிழில் ‘1084ன் அம்மா’ என்று பலர் படித்திருப்பார்கள். கல்கத்தாவின் வசதியான குடும்பம் ஒன்றின் தாய் சுஜாதா. நக்சல் இயக்கத்தில் சேர்ந்து கொல்லப்பட்ட அவளுடைய கடைசி மகன் விரதிக்குப் பிணவறையில் கிடைத்த எண் 1084. நாவல், அவன் இறந்து இரண்டாண்டுகள் கழித்து வரும் அவனுடைய பிறந்த நாள் ஒன்றில், காலையில் தொடங்கி இரவில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரே நாளுக்குள் சுஜாதா மகனின் தோழன் சோமுவின் தாயைப் போய்ப் பார்க்கிறாள், மகனின் காதலி நந்தினியைப் பார்க்கிறாள், மாலையில் தன் மகளின் நிச்சயதார்த்த விருந்தில் புன்னகையோடு நிற்கிறாள், உள்ளே குடல்வால் வலி கூடிக்கொண்டே போகிறது. மகன் உயிரோடு இருந்தபோது அவனை அறியாமல் போனோம் என்பதுதான் அவளுடைய குற்றவுணர்வு. அதை அந்த வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது. அந்த வீடு அவன் பெயரையே துடைத்துவிட்டது. சொல்ல முடியாதவர்களைத் தேடும் இயக்குநருக்கு இதைவிடப் பொருத்தமான நாவல் அமையாது.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு நடிக்க வந்த ஜெயா பச்சன், சுஜாதாவின் அடக்கத்தை அப்படியே தாங்கியிருக்கிறார். நிஹலானி செய்த பெரிய மாற்றம் இங்கேயும் முடிவில்தான். மகாஸ்வேதா தேவி சுஜாதாவை அந்த விருந்தின் நடுவிலேயே அலறி விழச் செய்து நாவலை முடித்துவிடுகிறார். படம் அங்கே நிற்காமல் பல ஆண்டுகள் கடந்து போய், சுஜாதா மகன் விட்ட இடத்திலிருந்து வேறு வழியில் பொதுப்பணியைத் தொடர்வதைக் காட்டுகிறது. நத்துவுக்குக் குழந்தையைக் கொடுத்த அதே கை. தாம் நேசித்த பாத்திரங்களை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வருவதில்லை என்று நினைக்கிறேன். நத்துவின் விஷயத்தில் அது பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்தது, ஏனெனில் அந்தக் குழந்தை பிறப்பதற்கு முன் ஐந்து மணி நேரம் அவனோடு நடந்துவிட்டோம். சுஜாதாவின் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒரு நாளுக்குள் இறுக்கிக் கட்டப்பட்ட வலி, ஆண்டுகள் அவிழ்ந்தபோது தளர்ந்துவிட்டது. அவள் பேசத் தொடங்கியதும், விளக்கத் தொடங்கியதும், அவளுடைய முகம் நமக்குத் தேவையில்லாமல் போய்விடுகிறது.

படத்தின் உச்சம் அதற்கு வெகு முன்பே, சோமுவின் வீட்டில் வந்துவிடுகிறது. சீமா பிஸ்வாஸ் அந்தத் தாய். தாழ்ந்த கூரை, மங்கிய வெளிச்சம், உட்கார ஏதோ ஒன்றை இழுத்துப் போடுகிறார்கள். இரண்டு பெண்களும் ஒரே இரவில் மகன்களை இழந்தவர்கள். ஏழைத் தாய் வாய்விட்டு அழுகிறாள். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது, அக்கம்பக்கத்துக்கும் அது பழகிப்போயிற்று. பட்டுப் புடவையில் வந்திருக்கும் தாய் அழத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வீட்டில் மட்டும்தான் தன் மகனைப் பற்றிக் கேட்க முடியும் என்பதால் சுஜாதா மறுபடியும் வர விரும்புகிறாள். ஆனால் இனி வர வேண்டாம், நீங்கள் வந்துபோவதால் எங்களுக்குத் தொல்லை என்று சோமுவின் அக்கா சொல்லிவிடுவதாக நாவலில் இருக்கிறது. நிஹலானியின் கேமரா ஜெயா பச்சனின் முகத்துக்கு அருகில் போய் அங்கேயே நிற்கிறது. அழுகை அவளுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.